சந்தனப் பொட்டு வச்ச ஃப்ளாப்பி

பழைய ஃப்ளாப்பியில இருக்குறதை இருக்குற மாதிரியே எடுத்து, இன்னும் கொஞ்ச வருசம் உசுரோட இருக்குற மாதிரி காப்பி போட்டுக் குடுக்குறதுதான் என் தொழில். "இந்தக் காலத்துல யாருய்யா ஃப்ளாப்பி வச்சிருக்காங்க?"ன்னு சிரிக்கிறவங்கதான் மறுவாரம் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. பாண்டி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்துல, செருப்புக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவுல என் கடை. செருப்பு வாங்க வந்தவங்க பாதி பேரு என்னை எட்டிப் பாத்துட்டு, "இங்க என்னா விக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டுப் போவாங்க.

ஃப்ளாப்பியைப் பாக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. சட்டைப் பாக்கெட்டுக்குள்ள போற சதுர பிளாஸ்டிக் பில்லை. உள்ள, காந்த மருந்து தடவின ஒரு மெல்லிசு வட்டத்தட்டு. மேல ஒரு ஓரத்துல, தள்ளுனா தெறக்குற குட்டித் தகரக் கதவு. அந்தக் கதவு வழியாத்தான் கம்ப்யூட்டரோட டிரைவ் உள்ள பாத்துப் படிக்கும். அவ்ளோதான் விஷயம். பழைய டிவி, பழைய மிக்ஸி, பழைய வாட்ச்சுன்னு அடுத்தவங்க பழசோட மாரடிக்கிறவங்க யாரா இருந்தாலும், இதைப் படிச்சா "ஆமாய்யா, எனக்கும் இப்படித்தான்"னு சொல்லுவீங்க.

தொண்டைக்குள்ள ஒரு டிரைவ்

இந்தத் தொழில்ல கண்ணை விட காதுதான் முக்கியம். நல்ல ஃப்ளாப்பியைப் போட்டா டிரைவ் "டுக்... டுக்... ஸ்ர்ர்ர்"ன்னு வெத்தலை போட்டவரு மாதிரி நிதானமா மெல்லும். கெட்டுப்போன எடம் வந்தா "க்ர்ர்ர்-டட், க்ர்ர்ர்-டட்"ன்னு ஒரே எடத்துல நின்னு அரைக்கும். நான் இளவட்டமா இருந்தப்ப பாட்டுக் கச்சேரி ட்ரூப்புல மிமிக்ரி பண்ணவன். நெல்லித்தோப்பு, முத்தியால்பேட்டைன்னு திருவிழா மேடை பாக்கி இல்ல. கடலூர் பஸ் கண்டக்டரு, குக்கர் விசில், ரிவர்ஸ் எடுக்குற லாரி, எல்லாம் இந்தத் தொண்டையிலருந்து வந்ததுதான். டிரைவ் சத்தம் கத்துக்கிறதுக்கு ஒரு வாரம் கூட ஆகலை.

ஒரு ரிட்டையர்டு காலேஜ் புரொபசர் வந்தாரு. பாடக் குறிப்பெல்லாம் வச்ச ஃப்ளாப்பி. போட்டேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. எனக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. மானிட்டரைப் பாத்து உக்காந்துக்கிட்டு, உதடு அசையாம, "க்ர்ர்ர்-டட்". அவரு நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. இன்னொரு "க்ர்ர்ர்-டட்". கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. டிரைவைப் பாத்தாரு, என் கழுத்தைப் பாத்தாரு, மறுபடி டிரைவைப் பாத்தாரு. அப்புறம் ரொம்பப் பொறுமையாச் சொன்னாரு: "தம்பி, ஃப்ளாப்பி நல்லா ஓடுது. உங்க குரல்வளைதான் தடதடன்னு ஆடுது. அதை யாருகிட்டயாவது கொண்டுபோய்க் காட்டுங்க."

செவுள்

நம்ம ஊர்ல கடல் காத்து ஃப்ளாப்பியையும் விடாது. பூட்டி வச்ச டப்பாக்குள்ளயும் போயி, தட்டு மேல வெள்ளை வெள்ளையா பூஞ்சை கட்டிடும். அது தெரியாம டிரைவ்ல போட்டா, பூஞ்சை டிரைவுக்குள்ள படிக்கிற தலையில ஒட்டிக்கும். அடுத்து வர்ற நல்ல ஃப்ளாப்பியையும் கீறி வச்சிடும். அதனால யாரு எதைக் குடுத்தாலும் மொதல்ல தகரக் கதவை வெரலால தள்ளி, டார்ச் அடிச்சு, தட்டைச் சுத்திச் சுத்திப் பாப்பேன்.

பிள்ளைச்சாவடியிலருந்து அஞ்சலைன்னு ஒரு அக்கா. மார்க்கெட்ல மீன் வித்துட்டு, காலிக் கூடையோட வந்தாங்க. அவங்க கொழுந்தனாரு சிங்கப்பூர்லருந்து வந்தப்போ, ஃப்ளாப்பியிலயே படம் பதியிற ஒரு கேமரா கொண்டு வந்தாராம். புது மீன்பிடி போட்டைக் கடல்ல எறக்கின அன்னைக்கு எடுத்த படமெல்லாம் இதுலதான் இருக்குதாம். அந்தப் போட்டு இப்ப இல்ல, படமாவது வேணும்னாங்க. நான் கதவைத் தள்ளி டார்ச் அடிச்சு உத்துப் பாத்தேன். அக்கா இடுப்புல கை வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. படமெல்லாம் நல்லபடியா வந்துடுச்சு, அது வேற விஷயம். ஆனா அப்ப அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு: "ஓ, செவுளைத் தூக்கிப் பாக்குறியா? பாரு, நல்லாப் பாரு. ஆனா பாத்துட்டு மூக்கை மட்டும் சுளிக்காத, அது எனக்குப் புடிக்காது."

பளபளன்னு ஒரு மூஞ்சி

போன கோடையில ஒரு நாள், நெல்லித்தோப்பு செல்வி வந்துச்சு. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வச்சிருக்குற பொண்ணு. நாப்பது வயசு இருக்கும். மஞ்சத் துணியில சுத்தின ஒரே ஒரு ஃப்ளாப்பி. அதைக் கவுன்ட்டர்ல கூட வைக்காம, கையிலயே வச்சுக்கிட்டுப் பேசுச்சு.

விஷயம் இதான். திருப்பூர்ல செகண்ட்ஸ்ல வாங்கின பெரிய மெஷின். காலையில சுவிட்ச் போட்டா அதுக்கு ஒண்ணுமே தெரியாது; இந்த ஃப்ளாப்பியைச் சொருகினாத்தான், தான் ஒரு தையல் மெஷின்னே அதுக்கு ஞாபகம் வரும். எழுத்து, டிசைன், எந்த ஊசி எப்ப எறங்கணும், எல்லாம் இதுக்குள்ள. கொஞ்ச நாளா மொதல் தடவையில எடுக்க மாட்டேங்குது. நேத்து மத்தியானம் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொருகி எடுத்தப்புறம்தான் ஓடியிருக்கு. ஸ்கூல் தெறக்கப் போவுது; ஒரு ஸ்கூலோட சட்டை பேட்ஜ் மொத்தமும் இவங்க கையில. "மெஷின் நின்னுட்டா பேட்ஜ் போயிடும்ணா. பேட்ஜ் போச்சுன்னா கடையும் போயிடும். நானும் எங்கிட்ட வேலை செய்யிற ரெண்டு பொண்ணுங்களும் மறுபடி சேதராப்பட்டு கம்பெனி வேலைக்குத்தான் பஸ் ஏறணும்"னு சொல்லுச்சு. அழுகை இல்ல, ஆத்திரம் இல்ல. பஸ் டைம் சொல்ற மாதிரிதான் சொல்லுச்சு.

ஃப்ளாப்பியை வாங்கிப் பாத்தேன். தகரக் கதவுல சந்தனம். சந்தனத்து மேல குங்குமம். அது மேல, அதுக்கு முந்தின வருசத்துச் சந்தனம் கட்டி தட்டிப் போயிருக்கு. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிறப்போ, ஃப்ளாப்பிக்கும் சேத்து வச்சிருக்காங்க. கதவைத் தள்ளினேன், காஞ்ச சந்தனம் பொடியா உதிருது, தட்டு மேல செவப்பா ஒரு கோடு. "ஏம்மா, இவ்ளோ பெரிய பிளாஸ்டிக் இருக்கு, லேபிள் இருக்கு. பொட்டு வைக்க இந்தக் கதவுதானா கெடைச்சுது?"ன்னு கேட்டேன். செல்வி சொல்லுச்சு: "அதுதாண்ணா பளபளன்னு இருந்துச்சு. அதைத்தான் மூஞ்சின்னு நெனைச்சோம்."

குளியல்

இப்படி அழுக்கான ஃப்ளாப்பியை அப்படியே டிரைவ்ல போட்டா, குங்குமத்தை வச்சே தட்டை வழிச்சு எடுத்துடும். அதனால மொதல்ல குளிப்பாட்டணும். மேல இருக்குற பிளாஸ்டிக் ஓட்டைப் பொளந்து, உள்ள இருக்குற தட்டை வெளிய எடுத்து, பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு, பஞ்சால மெதுவா ஒத்தி எடுத்து, காய வச்சு, வேற ஒரு சுத்தமான ஓட்டுக்குள்ள போடணும். சொல்றப்போ சுலபம். கத்தியை ஓட்டுல வச்சு நெம்புனேன், "டக்"னு ஒடைஞ்சுது. பின்னாடி இருந்த செல்வி எட்டி எட்டிப் பாத்துச்சு. "சாயங்காலம் வாம்மா"ன்னேன். "இல்லண்ணா, நான் இங்கயே இருக்கேன்"னு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துடுச்சு.

குங்குமம் போச்சு. சந்தனம் போச்சு. ஆனா செவப்புக் கோடு இருந்த எடத்துல, முடி அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். அதை நான் பாத்தேன், செல்விகிட்டயும் காட்டினேன். மறைச்சு வச்சு அப்புறம் சொல்றது நம்ம பழக்கம் இல்ல. தட்டை நடு ஓட்டையில நூல் கோத்து, ஃபேன் காத்து படாத மூலையில தொங்கவிட்டேன். கறுப்பா, காகிதம் மாதிரி, ஆடிக்கிட்டு இருந்துச்சு. செல்வி கிட்டப் போயி, தொடாம, தலையைச் சாச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்துச்சு. "இதாண்ணா? இம்மாத்துண்டுதானா? இதுக்கா நாங்க மூணு பேரும் காலங்காத்தால கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கிறோம்?"

எதுல தேடினாலும் பிள்ளையார்

தட்டு காயிற நேரத்துல தவளக்குப்பத்துலருந்து ரவி வந்தாரு. கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றவரு. கோணிப்பை நெறைய ஃப்ளாப்பி, ஒண்ணுல கூட லேபிள் கெடையாது. "எல்லாத்தையும் எடுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு டிசைன் இருக்கு. பொக்கிஷம்"னாரு. மொதல் ஃப்ளாப்பியைப் போட்டேன்: மேல பிள்ளையாரு, சுத்தி மாவிலை பார்டரு, நடுவுல ஒரு மாப்பிள்ளை ஒரு பொண்ணு பேரு. ரெண்டாவது: அதே பிள்ளையாரு, அதே மாவிலை, வேற மாப்பிள்ளை. அடுத்ததும் அதேதான். எடுத்து வச்ச எல்லாத்துலயும் அதே பிள்ளையாரு, துதிக்கை கூட ஒரு நூல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலை.

"ரவி, நீங்க இத்தனை வருசமா ஒரே பத்திரிகையைத்தான் அடிச்சிருக்கீங்க, கல்யாணம்தான் மாறியிருக்கு"ன்னேன். அவரு அசரலை. ஸ்டூல்ல உக்காந்திருந்த செல்வி, தொங்கிக்கிட்டு இருக்குற தன்னோட ஒத்தைத் தட்டைப் பாத்துச்சு, ரவியோட கோணிப்பையைப் பாத்துச்சு. "குடுத்து வச்சவரு"ன்னு முணுமுணுத்துச்சு. உண்மைதான். ஒரே விஷயத்தை பல எடத்துல வைக்கணும்னுதான் நானும் வர்றவங்க கிட்டல்லாம் தொண்டை கிழியச் சொல்றேன். தெரியாமயே அதைச் செஞ்ச ஒரே ஆளு இவருதான். ரவி பையைத் திரும்பக் கட்டிக்கிட்டே சொன்னாரு: "அப்ப எது போனாலும் பிள்ளையாரு போகமாட்டாரு. மாப்பிள்ளை பொண்ணைத்தான் தேடணும்னு சொல்லுங்க."

வாயை மூடு

தட்டு காஞ்சுது. புது ஓட்டுக்குள்ள போட்டு, எழுத முடியாதபடி ஓரத்துப் பூட்டைத் தள்ளிட்டு, டிரைவ்ல சொருகினேன். என் வழக்கம் எப்பவும் இதுதான்: ஒரிஜினல்ல எதையும் தெறந்து பாக்கக் கூடாது, மொத்தத்தையும், தட்டுல வட்டமாப் பதிஞ்ச மொதல் கோட்டுலருந்து கடைசிக் கோடு வரைக்கும் அப்படியே அள்ளிடணும். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் காப்பின்னு பேரு.

"டுக்... டுக்... ஸ்ர்ர்ர்." நல்லா ஆரம்பிச்சுது. செல்விக்கு மொகம் கொஞ்சம் தெளிஞ்சுது. பாதி கூட தாண்டலை. "க்ர்ர்ர்-டட்." கொஞ்சம் நகந்துச்சு. "க்ர்ர்ர்-டட், க்ர்ர்ர்-டட்." கீறல் இருக்குற எடம் மட்டும்னா பரவாயில்ல; இது உள்ள போகப் போக எல்லா எடத்துலயும் அரைக்குது. திரும்பிப் பாக்குறேன், செல்வி மொறைச்சுக்கிட்டு நிக்குது. சின்ன வயசுல நெல்லித்தோப்பு திருவிழாவுல மொத வரிசையில உக்காந்து என் மிமிக்ரியைப் பாத்த பொண்ணு அது. என் வாய் இறுக்கி மூடித்தான் இருக்கு, நான் என்ன சொல்ல? செல்வி ஒரே போடா போட்டுச்சு: "ண்ணா, வெளையாட்டெல்லாம் அப்புறம் வச்சுக்க. மொதல்ல வாயை மூடு."

ஆடுற மேசை

ஃப்ளாப்பியை எங்கிட்டயே விட்டுட்டு செல்வி கவலையோட வீட்டுக்குப் போனதுக்கு மறுநாள், லூயி மெஸ்ஸியே வந்தாரு, மெஸ்ஸியேன்னா பிரெஞ்சுல ஐயா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆன சொல்தா. இஸ்திரி போட்ட சட்டை, வாசல்லயே "போன்ழூர்"னு ஒரு வணக்கம். ஒரு டப்பா ஃப்ளாப்பி குடுத்தாரு. பட்டாளத்துக் காலத்துப் படமெல்லாம் ஒரே மூட்டையாக் கட்டி, துண்டு துண்டா நெறைய ஃப்ளாப்பியில போட்டு வச்சிருக்காரு. அந்த மாதிரி கட்டினதுல ஒரு துண்டு இல்லைன்னா மூட்டையே அவிழாது. எல்லாத்துலயும் நம்பர் எழுதியிருக்கு. ஒம்போது மட்டும் இல்ல.

"ஒம்போதாவது எங்க மெஸ்ஸியே?" அவரு கொஞ்ச நேரம் மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, எழுந்து வெளிய போனாரு. அரை மணியில வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தாரு, கையில ஒம்போதாவது. மேல வட்டமா ஒரு அழுந்தின தடம். சாப்பாட்டு மேசை ஆடுதுன்னு கால் அடியில வச்சிருந்தாராம், வருசக்கணக்கா. கதவைத் தள்ளிப் பாத்தேன். உள்ள ஒரு தூசி கெடையாது. போட்டேன், ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்துச்சு. மூட்டை அவிழ்ந்து, மீசை கறுப்பா இருந்த லூயி மெஸ்ஸியே ஸ்கிரீன்ல வந்து நின்னாரு. அவரு ரொம்ப நேரம் பாத்துட்டு, மூக்கை உறிஞ்சினாரு. பெரிசா ஏதோ சொல்லப் போறாருன்னு நெனைச்சேன். சொன்னாரு: "மெர்சி. இப்ப அந்த ஒம்போதாவதைத் திருப்பிக் குடுங்க, வீட்ல சூப் கொட்டுது."

கோணல் டிரைவ்

மெஸ்ஸியேவோட ஃப்ளாப்பியெல்லாம் என் டிரைவ்ல நல்லா ஓடுச்சே, அப்ப கோளாறு எங்கன்னு யோசிச்சு, செல்விக்குப் போன் போட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "இந்த ஃப்ளாப்பி கம்பெனியில குடுத்ததா, வித்தவன் எழுதிக் குடுத்ததா?" வித்தவன், அந்த மெஷின்லயே சொருகி, அதுலயே எழுதிக் குடுத்தானாம். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஹேண்டில் பாரு கோணலாப் போன ஆட்டோவைப் பாத்திருப்பீங்க. அதை ஓட்டுற ஆளு ஓட்டினா நேராப் போகும், நாம ஓட்டினா சாக்கடைக்குப் போகும். அந்த மாதிரி, மெஷினோட டிரைவுக்குத் தலை ஒரு முடி அளவு கோணல். அது எழுதினதும் கோணல். என் கடை டிரைவ் நேரானது. நேரானதால படிக்க முடியலை. அதே கோணல் டிரைவைக் கழட்டி என் கம்ப்யூட்டர்ல மாட்டினா ஒரு வழி இருக்கு.

சாமானைத் தூக்கிக்கிட்டு நெல்லித்தோப்புக்குப் போனேன். ஹால் முழுக்க மெஷின். ஓரமா, வெட்டி வச்ச பேட்ஜ் துணி அடுக்கடுக்கா. மலரு, ஜெயான்னு அந்த ரெண்டு பொண்ணுங்களும் செவுத்தோரமா நிக்கிறாங்க. ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் செல்வி குறுக்க வந்து நின்னுச்சு. "மெஷினாவது இதுவரைக்கும் முழுசா இருக்கு. ஃப்ளாப்பி ஏற்கெனவே உன் கையில, இப்ப டிரைவையும் கழட்டப் போற. ரெண்டும் போயிடுச்சுன்னா?" "போனாலும் போகலாம்மா. போகாதுன்னு நான் சொன்னா அது பொய். ஆனா சும்மா விட்டா கண்டிப்பாப் போயிடும்." செல்வி அந்த ரெண்டு பேரையும் பாத்துச்சு. மலரு மெதுவா தலையை ஆட்டுச்சு. செல்வி நகந்து வழி விட்டுச்சு.

கழட்டினேன், தலையைத் தொடைச்சேன், என் கம்ப்யூட்டர்ல மாட்டினேன். "டுக்... டுக்... ஸ்ர்ர்ர்." அரைச்ச எடமெல்லாம் வழுக்கிக்கிட்டுப் போவுது. கீறல் இருக்குற எடம் வந்துச்சு. "க்ர்ர்ர்-டட்." திரும்ப விட்டேன். அதே. ஆற விட்டு, தொடைச்சு, மறுபடி விட்டேன். அதே. அந்த ஒரு எடத்தைத் தவிர மிச்சம் எல்லாம் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்துடுச்சு. அந்த ஒரு எடத்துல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம், மெஷினோட மூளையாவும் இருக்கலாம். இதைச் சொன்னதும் செல்வி யோசிக்கவே இல்ல: "ஒரு பல்லு விழுந்தவன் சாப்புடாமயாண்ணா இருக்கான்? போட்டு ஓட்டு."

ஏ-யிலருந்து இஸட் வரைக்கும்

எடுத்ததை அந்தக் கோணல் டிரைவ்லயே மூணு புது ஃப்ளாப்பியில எழுதினேன். டிரைவைத் திரும்ப மெஷின்ல மாட்டி, ஒண்ணைச் சொருகி, சுவிட்ச் போட்டேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீன் இருட்டு. ஜெயா கண்ணை மூடிக்கிச்சு. அப்புறம் பச்சையா எழுத்து வந்துச்சு. மொதல் சொருகல்லயே. செல்வி பேட்ஜ் துணியைத் தூக்கிட்டு ஓடி வந்துச்சு. "இரும்மா"ன்னேன். "மெஷின் முழிச்சுக்கிச்சு, சரி. ஆனா ஒரு எடம் காலியா இருக்கு. அது எங்க இருக்குன்னு தெரியாம நல்ல துணியில ஊசி எறக்காத. எழுத்து பூராவும் பழைய துணியில தைச்சுப் பாரு. ஏ-யிலருந்து இஸட் வரைக்கும்."

ஊசி எறங்க ஆரம்பிச்சுது. ஏ. பி. சி. அந்த ஸ்கூல் பேருல இருக்குற எழுத்து ஒண்ணொண்ணும் நல்லா விழ விழ செல்வி ஒரு வெரலை மடக்குது. எம் வந்துச்சு, என் வந்துச்சு, ஓ, பி. அடுத்து க்யூ. ஊசி ஒரு வட்டம் போட ஆரம்பிச்சு, நடுவுல என்னமோ மறந்துபோன மாதிரி ஒரே எடத்துல குத்திக் குத்தி, நூல் முடிச்சாத் தெரண்டு, படக்குன்னு அறுந்துச்சு. ஸ்கூல் பேருல இன்னும் ஆர் பாக்கி, எஸ் பாக்கி, டி பாக்கி. ஓட்டை க்யூவோட நிக்குதா, இல்ல அதுக்கு அப்புறமும் போவுதா?

நூலைக் கோத்து, ஆர் தட்டினேன். அழகா விழுந்துச்சு. எஸ். அழகா விழுந்துச்சு. டி விழுந்ததும் செல்வி கடைசி வெரலை மடக்கி, கையை அப்படியே நெஞ்சு மேல வச்சுக்கிச்சு. இஸட் வரைக்கும் பிசிறு இல்ல. எனக்குத்தான் மனசு ஆறலை. "ஒரு எழுத்து போச்சேம்மா. முன்னாடி க்யூ நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. செல்வி பேட்ஜ் துணியைச் சட்டத்துல மாட்டிக்கிட்டே சொல்லுச்சு: "யாருண்ணா பாத்தா? மெஷின் வாங்கின நாள்லருந்து ஒருத்தர் கூட க்யூ கேட்டதில்ல. நீ கொஞ்சம் நகரு, வேலை கெடக்கு."

வாலு

பேட்ஜ் முழுக்க ஸ்கூல் தெறக்குறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுச்சு. ஒரு காப்பி மெஷின்ல, ஒண்ணு செல்வி வீட்டு பீரோவுல, ஒண்ணு மலரு வீட்ல. மொத்தத்தையும் ரெண்டு பென் டிரைவ்லயும் போட்டு, ஒண்ணைக் குடுத்துட்டு ஒண்ணை நான் வச்சுக்கிட்டேன். ஃப்ளாப்பி டிரைவ் மாதிரியே நடிச்சு மெஷினை ஏமாத்துற ஒரு சின்னப் பெட்டி இருக்கு, பென் டிரைவ்லயே ஓட்டிக்கலாம், வாங்கி மாட்டிடலாம்னு சொல்லியிருக்கேன். மிமிக்ரி பண்றதுல நம்ம இனம்தான் அதுவும். ஆனா அந்த க்யூ மட்டும் பல்லுல மாட்டின நார் மாதிரி உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதே மாடல் மெஷின் யாருகிட்ட இருக்கு, அவங்க ஃப்ளாப்பியில அந்த எடம் நல்லா இருக்குமான்னு ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு மாசம் கழிச்சு செல்வி போன் பண்ணுச்சு. ஒயிட் டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ். தலகாணி உறை பூராவும் பேரு போடணுமாம். பிரெஞ்சுப் பேரு. நடுவுல க்யூ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "செல்வி, அவங்ககிட்ட கொஞ்சம் டைம் கேளு. கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட அதே மெஷின் இருக்குதுன்னு சொன்னாங்க, நான் போயி எப்படியாவது அந்த எழுத்தை எடுத்துட்டு வந்துடுறேன்"னு படபடன்னு பேசினேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் மூச்சு வாங்குற வரைக்கும் பொறுத்திருந்துட்டு செல்வி சொல்லுச்சு: "அதெல்லாம் அனுப்பியாச்சுண்ணா. மெஷின்ல ஓ போட்டு, அடியில கையால ஒரு வாலு தைச்சேன். அந்த மேடம் வாலைத் தடவிப் பாத்துட்டு, 'இது கைவேலையா? எல்லா எழுத்துக்கும் இந்த மாதிரி வேணும்'னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. அந்தக் கைவேலையை மெஷின்ல எப்படிப் போடுறதுன்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."

மொத்தத்துல எங்க தொழில் இவ்ளோதாங்க: ஊர்ல ஒருத்தரும் கேக்காத எழுத்தாப் பாத்துத்தான் தொலையும், தொலைஞ்ச மறுமாசமே அதைத்தான் ஒருத்தர் கேட்டு வருவாங்க.